துவைக்கல்லில் தணல்

— போர்வைக்குள்ளை வாங்கோ குணலட்சுமியக்கா. வெளிச்சம் பூந்தா ஒண்டும் தெரியாது.

— பட்டப்பகலிலை, என்ரை கிணத்தடியிலை, உன்னோடை போர்வைக்குள்ளை! ஆரும் கண்டா என்ன நினைப்பினம் ஜிஹானா?

— உங்கடை கிணத்தடியோ, எங்கடையோ எண்டு பாக்கத்தானே வந்தனாங்கள்.

— தொண்ணூறிலை இயக்கம் முஸ்லிம் சனத்தையெல்லாம் யாழ்ப்பாணத்தை விட்டுத் துரத்தினது அநியாயம்தான் பிள்ளை. அதுக்காக நான் முப்பது வருசமாத் தண்ணி அள்ளுற கிணத்தைக் கேக்கிறதே? காணி உறுதிப் பத்திரமும் இல்லை.

— உறுதி எரிஞ்சு போச்சு. உம்மாவின்ரை ஞாபகம் எரியேல்லை. அவவின்ரை வாப்பா காக்கிநாடாவிலையிருந்து தோணி ஆடாமலிருக்கப் பாரத்துக்கு ஏத்தி வந்த கல்லைத்தான் உடுப்புத் தோய்க்கப் பதிச்சவராம். நீலப் புள்ளி போட்ட கறுத்தக் கல்.

— நான் வரேக்கையே இந்தக் கல் இதிலை இருந்தது. நீலமும் இல்லை, பச்சையும் இல்லை.

— சவுக்காரம் தேச்சுத் தேச்சு மங்கியிருக்கும். இஞ்சை நிலம் முழுக்கச் சுண்ணாம்புக்கல். உம்மா சொன்ன கல்லு, மணலிலை இருக்கிற சிலிக்கா போதாத குழம்பு பூமிக்குள்ளை உருகி இறுகினது. சிலிக்கா தாராளமா இருந்தா அந்த நீலம், சோடலைற் எண்ட தாது, பிறக்கவே பிறக்காது.

— பஞ்சத்திலை பிறந்த பிள்ளை எண்டு சொல்லு.

— ஓம், அதேதான்! கள்ளநோட்டுப் பாக்கிற ஊதாக்கதிர் ரோச் வெளிச்சம் பட்டா அது சூடில்லாமலே தணல் மாதிரி எரியும்.

— எரியாட்டி?

— உம்மாவைக் கூட்டிக்கொண்டு, இவ்வளவு காலம் அகதியா இருந்த புத்தளத்துக்கே போறன். இனி உங்கடை படலைக்கு வரமாட்டன்.

— எரிஞ்சா கிணத்தடியைச் சுத்தின வேலியை நானே பிடுங்கிறன். அம்மாளாணை. கல்லைக் காலமையே தேச்சு வைச்சனான், நீ தோக்கிறதை வடிவாப் பாக்க. அடி ரோச்சை!

— பிஸ்மில்லாஹ்... அக்கா!

— ஐயோ என்ரை அம்மாளாச்சி! கல்லு எரியுது பிள்ளை! அடுப்புத் தணல் மாதிரி, அங்கை... இஞ்சையும்!

— எங்கடை கல்லு! உம்மா, படலையிலை நிக்காதைங்கோ, உள்ளை வாங்கோ! எங்கடை கிணறு!

— கத்தாதை, காது அடைக்குது. இந்த நெருப்பிலையே என்ரை பிள்ளையளின்ரை துணியெல்லாம் தோய்ச்சனான்?

— அழுறியளோ அக்கா? நீங்கள் எப்பவும் வந்து அள்ளுங்கோ. வேலியைப் பிடுங்க வேண்டாம், அதிலை ஒரு படலை வைப்பம்.

— ஆர் அழுதது? வேர்வை. படலையை வை. நாளைக்கு என்னோடை என்ரை சொந்த ஊர் மயிலிட்டிக்கு வெளிக்கிடு.

— அங்கை என்ன?

— எங்களையும் அதே தொண்ணூறிலைதானே ஆமிக்காரங்கள் ஊரை விட்டு எழுப்பினவங்கள். இப்ப காணியை விட்டிட்டாங்கள், ஒரு சுவரும் மிச்சமில்லை. என்ரை கிணறு எதெண்டு எனக்கே தெரியேல்லை. உன்னைப்போலை ஒரு விடாப்பிடிக்காரி வந்து கண்டுபிடிச்சுத் தா.