மூணு டீம் மாத்து

வெர்னெட்டா: திரும்பச் சொல்லு. விக்கர்ஸைக் கொடுத்துட்டு நாம என்ன வாங்குறோம்?

ராஸ்கோ: ஒமாஹாவுலேர்ந்து அந்த ரெண்டு சின்னப் பசங்களை. கூடவே புது ஆளுங்களைப் பிரிச்சு எடுக்குற அடுத்த வருஷ டிராஃப்ட்ல அவங்களோட முதல் வாய்ப்பையும்.

வெர்னெட்டா: டேய், விக்கர்ஸுக்கு முப்பத்தஞ்சு வயசு. உக்காந்தா எந்திரிக்க ரெண்டு பேர் கை கொடுக்கணும். அவனுக்குப் பதிலா இத்தனையுமா? ஒமாஹாக்காரன் என்ன கிறுக்கனா?

ராஸ்கோ: எப்பவும் ஆடுற ஆட்டம்தானே, இப்ப நீதான் ஒமாஹா மேனேஜர். நீயே பதில் சொல்லு.

வெர்னெட்டா: ஃபோனை வெச்சுட்டேன்.

ராஸ்கோ: அக்கா... கொஞ்சம் யோசிச்சாவது...

வெர்னெட்டா: டொக்குன்னு வெச்சாச்சு. அடுத்ததைச் சொல்லு.

ராஸ்கோ: உனக்கு ஈவு இரக்கமே கிடையாது. எம்பத்திரண்டு கூடைப்பந்து ஆட்டத்துல பதினேழு ஜெயிச்சிருக்கோம். டொலீடோ ஹெரன்ஸ்னு சொன்னா கார் கழுவுறவன்கூட சிரிக்கிறான். ஒரு உதவி பண்ணக் கூடாதா நீ?

வெர்னெட்டா: டீமுக்குக் கொக்குன்னு பேரு வெச்சா வேற என்ன நடக்கும்? தண்ணியைப் பார்த்துட்டு நின்னுகிட்டே இருக்கும். பந்து அது பாட்டுக்குப் போகும்.

ராஸ்கோ: சிரி, சிரி. கடைசி இடத்துக்கு வர்றவனுக்குத்தான் முதல் ஆளை எடுக்க வாய்ப்பு அதிகம், ஆனாலும் குலுக்கல்ல நமக்கு அஞ்சாவது வாய்ப்புதான் விழுந்துச்சு. ஒழுங்கா தோக்கக்கூட நமக்குக் கொடுத்து வைக்கல.

வெர்னெட்டா: அதைத்தான் சொல்றேன். அந்த அஞ்சாவதை டல்சாகிட்டக் கொடுத்துட்டு, அவன்கிட்ட இருக்குற பதினொண்ணையும் பத்தொம்பதையும் வாங்கு. ஒருத்தனுக்குப் பதிலா ரெண்டு பேர்.

ராஸ்கோ: மாட்டேன். அஞ்சாவதா நான் புளூமைத்தான் எடுப்பேன்.

வெர்னெட்டா: அந்த மோன்டானா பையனா? ஆளு நெட்டையா இருக்கான், ஒத்துக்குறேன். ஓடினா காலு ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் போகுதே.

ராஸ்கோ: பத்தொம்பது வயசு, அக்கா. காலும் உடம்பும் ஒண்ணா சேர மூணு வருஷம் ஆகும். டீமையே அடியிலேர்ந்து கட்டுறோம், அது வரைக்கும் காத்திருக்க மாட்டோமா?

மாரிசெல்: கையை ஆட்டாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது ராஸ்கோ? பாருங்க, டயாலிசிஸ் மிஷின் கத்துது. ஊசி குத்தின கையாலதான் ஆளைக் காட்டணுமா?

ராஸ்கோ: நீங்களே நியாயம் சொல்லுங்க நர்ஸம்மா. புளூமா, இல்ல பதினொண்ணும் பத்தொம்பதுமா?

மாரிசெல்: எங்க ஊர் மணிலாவுல தெருவுக்குத் தெரு வளையம் மாட்டியிருப்போம். அஞ்சடி ஆளுங்க செருப்புக் காலோட ஆடுவாங்க. அவங்கள்ல நாலு பேரைக் கூட்டிட்டு வந்தா உங்க டீமு உருப்படும்.

வெர்னெட்டா: அப்படிப் போடுங்க.

மாரிசெல்: கால் இழுக்குதா ராஸ்கோ?

ராஸ்கோ: லேசா. ஒரு ஐஸ் துண்டு கிடைக்குமா?

மாரிசெல்: ஒண்ணே ஒண்ணு. கடிக்காம வாயிலயே வெச்சுக்கோங்க. இன்னும் ரெண்டேகால் மணி நேரம் இருக்கு.

ராஸ்கோ: எல்லாம் முடிஞ்சு ஒரு நாள்... பெரிய சொம்பு நிறைய டீ, ஐஸ் போட்டு, சக்கரை கொட்டி... அப்புறம் ஒரு பை உருளைக்கிழங்கு சிப்ஸ். யாரும் எடை பார்க்கக் கூடாது.

வெர்னெட்டா: வாயை மூடிட்டு ஐஸைக் கரை.

ராஸ்கோ: வெயில் நல்லா இருக்குல்ல... ஜூன் மாசத்துல இந்த ஜன்னல் மட்டும்தான் எனக்குப் பிடிக்கும். டீமு எல்லாமே ஜூன்ல நல்ல டீமுதான். புது சீசன்ல இன்னும் ஒரு ஆட்டம்கூட தோக்கல... யாரு வேணும்னாலும் வரலாம்... விக்கர்ஸுக்கு முழங்கால் சரியாயிடும்... புளூம் கையை நீட்டினா...

வெர்னெட்டா: நீட்டினா?

ராஸ்கோ: ...

வெர்னெட்டா: டேய். ராஸ்கோ...

மாரிசெல்: தூங்கிட்டாரு. பிரஷர் நல்லாத்தான் இருக்கு, தூங்கட்டும். நீங்க இன்னும் அவர்கிட்டச் சொல்லலியா?

வெர்னெட்டா: வாய் வரை வருது நர்ஸம்மா. உடனே அவன் ஒமாஹான்னு ஆரம்பிச்சுடுறான்.

மாரிசெல்: நாளைக்குள்ள பதில் வேணும்னு சொன்னாங்கல்ல?

வெர்னெட்டா: நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணி. அவன் கையெழுத்து போட வேண்டிய ஃபாரம் என் பையிலதான் இருக்கு. காலையிலேர்ந்து அந்தப் பையை மடியை விட்டு இறக்கல. பைக்குள்ள பூனை இருக்கான்னு கேக்குறான்.

மாரிசெல்: ஆபரேஷன் பண்ற ஆஸ்பத்திரியிலேர்ந்து அவருக்கும் ஃபோன் பண்ணியிருப்பாங்களே?

வெர்னெட்டா: ஆஸ்பத்திரி நம்பரைப் பார்த்தாலே அவன் எடுக்க மாட்டான். அதனால அவனுக்குத் தெரியாது. இப்படி ஒரு கிட்னிப் பொருத்தம் மார்ச்சுலயும் ஒரு தடவை வந்துச்சு, தெரியும்ல? முடியாதுன்னுட்டான். எனக்காக நீ வெட்டுப்பட வேண்டாம், இந்த நாற்காலியே எனக்குப் போதும்னான். பதினோரு நாள் நான் அவன்கூடப் பேசல. கூட்டிட்டு வருவேன், கொண்டுபோய் விடுவேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன். பன்னண்டாவது நாள், விக்கர்ஸைக் கொடுத்தா யாரு கிடைப்பான்னு கேட்டான். சிரிப்பு வந்துடுச்சு, என்ன பண்ண?

மாரிசெல்: உங்க கிட்னியே அவருக்குச் சேர்ந்திருந்தா இவ்வளவு சுத்து இல்ல.

வெர்னெட்டா: கூடப் பொறந்தவளோட ரத்தம் சேரல, பாருங்க. என்னோடது பிட்ஸ்பர்க்ல யாரோ ஒரு அம்மாவுக்குப் பொருந்துது. அந்தம்மா புருஷனோடது லூயிவில்ல ஒருத்தருக்கு. அவரோட மகளோடது இவனுக்கு. இருபத்தொம்பது வயசுப் பொண்ணாம். முகம் தெரியாத ஒருத்தி கொடுக்குறா, இவன் வாங்க மாட்டேன்னு சொல்லிட்டா நான் என்ன பண்ணுவேன்?

மாரிசெல்: நேராவே கேட்டுடுங்களேன்.

வெர்னெட்டா: நேராக் கேட்டா ஒத்தக்கால்ல நிப்பான். போன வாரம் டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, இவன் இதயம் களைச்சுப் போச்சு, ரொம்ப நாள் இப்படி ஓட்ட முடியாதுன்னாரு. எனக்கு இவனை விட்டா யாரு இருக்கா? இன்னைக்கு எப்படியாவது வாங்கிடணும். சரிங்கிற ஒரு வார்த்தை போதும்.

மாரிசெல்: கண்ணு திறக்குது...

ராஸ்கோ: ...யாரு ஜெயிச்சா?

வெர்னெட்டா: எங்கடா போயிட்டு வந்த?

ராஸ்கோ: ஆட்டத்துக்கு. நம்ம மைதானம்தான், ஆனா கூரை இல்ல. ஆத்து மேல இருக்கு. எல்லாரும் கணுக்கால் தண்ணியில ஆடுறாங்க, சத்தமே இல்ல. புளூம் பந்தை மேல போட்டான் பாரு... அது போய்க்கிட்டே இருக்கு. கீழ வரவே இல்ல. யாருக்கும் அவசரமும் இல்ல. அம்மாகூட உக்காந்து பார்த்துட்டு இருந்தாங்க.

வெர்னெட்டா: அம்மாவுக்கு இந்த ஆட்டமே பிடிக்காதே.

ராஸ்கோ: அதான் எனக்கும் ஆச்சரியம். வேர்க்கடலை உரிச்சு எனக்குக் கொடுத்தாங்க. எனக்குக் கடலை கூடாதும்மான்னேன். இப்ப சாப்பிடலாம்டான்னாங்க.

வெர்னெட்டா: அம்மா பேச்சை விடுடா.

ராஸ்கோ: என்னக்கா?

வெர்னெட்டா: ஒண்ணுமில்ல. நீ தூங்குறப்ப நானும் ஒரு மாத்து யோசிச்சு வெச்சேன். மூணு டீமு.

ராஸ்கோ: அட. நீயா? ரெண்டு டீமுக்கே ஃபோனை வெக்கிறவ.

வெர்னெட்டா: கேக்குறியா இல்லையா?

ராஸ்கோ: சொல்லு, சொல்லு. யாரு யாரு?

வெர்னெட்டா: டொலீடோ, பிட்ஸ்பர்க், லூயிவில். முதல்ல நாம ஒரு ஆளைப் பிட்ஸ்பர்க்குக்குக் கொடுக்குறோம்.

ராஸ்கோ: யாரை?

வெர்னெட்டா: பழைய ஆளு. அம்பத்திரண்டு...

ராஸ்கோ: அம்பத்திரண்டு வயசா?

வெர்னெட்டா: நம்பர்டா. சட்டை நம்பர். இடது பக்கம் ஆடுறவன். பேரு வெளியில தெரியாது, ஆனா ஒரு நாள் லீவு போட்டதில்ல.

ராஸ்கோ: பந்து போடுவானா?

வெர்னெட்டா: அது தெரியாது. தடுப்பான். வேண்டாதது எதையும் உள்ள தங்க விட மாட்டான்.

ராஸ்கோ: நம்ம டீமுல இப்படி ஒருத்தனா? நான் பார்த்ததே இல்லையே.

வெர்னெட்டா: நீ எங்க பார்த்த? உன் கண்ணெல்லாம் மோன்டானாவுல. குறுக்க பேசாத. பிட்ஸ்பர்க் ஒருத்தனை லூயிவில்லுக்குக் கொடுக்குது. லூயிவில் நமக்கு ஒரு சின்ன வயசு ஆளைக் கொடுக்குது. இருபத்தொம்பது. புத்தம்புதுசு மாதிரி இருக்கும்.

ராஸ்கோ: ம்... நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு சந்தேகம். அந்தப் பழைய ஆளு நின்ன இடம்? அவன் போனா இடது பக்கம் ஓட்டையாயிடாதா?

வெர்னெட்டா: வலது பக்கம் அதே மாதிரி இன்னொருத்தன் இருக்கான். ரெண்டு பேர் வேலையையும் ஒருத்தனே பார்த்துடுவான். டாக்டர்... டாக்டர் மாதிரி ஒரு பயிற்சியாளரே சொல்லிட்டாரு.

ராஸ்கோ: பயிற்சியாளரு.

வெர்னெட்டா: ஆமா.

ராஸ்கோ: பிட்ஸ்பர்க்குக்கு ஆள் கிடைக்குது. லூயிவில்லுக்கும் கிடைக்குது. டொலீடோவுக்கும் கிடைக்குது. இதையெல்லாம் பேசி முடிக்கிற மேனேஜரம்மாவுக்கு என்ன கிடைக்குது? ஒரு பக்கம் கொடுத்துட்டே இருந்தா அதுக்குப் பேரு மாத்து இல்லக்கா. அம்மா போனதுலேர்ந்து அந்தப் பக்கம் கொடுத்துட்டேதான் இருக்கு.

வெர்னெட்டா: மேனேஜருக்கு அடுத்த சீசன் கிடைக்கும். அது போதும் அவளுக்கு.

ராஸ்கோ: சரி, இதைச் சொல்லு. ஆஸ்பத்திரியில அந்த மேனேஜரை எத்தனை நாள் படுக்க வைப்பாங்க?

வெர்னெட்டா: எந்த ஆஸ்பத்திரி?

ராஸ்கோ: கேக்குறேன்ல.

வெர்னெட்டா: மூணு நாள். நல்லா இருந்தா ரெண்டு... உனக்கு எப்படிடா தெரியும்?

ராஸ்கோ: ஆஸ்பத்திரியிலேர்ந்து ஃபோன் வந்துச்சு. எடுத்தேன்.

வெர்னெட்டா: நீ எடுத்தியா?

ராஸ்கோ: தப்பா கை பட்டுடுச்சு. வேற யாரோன்னு நெனச்சேன்.

வெர்னெட்டா: எல்லாம் தெரிஞ்சுகிட்டா இவ்வளவு நேரம் என்னை ஒமாஹா, டல்சான்னு அலைய விட்ட? பாவி... இங்க பாரு. மார்ச் மாசம் மாதிரி முடியாதுன்னு மட்டும் சொல்லிடாத. என்னால தாங்க முடியாது. உன்னை இந்த நாற்காலியிலேயே தொலைச்சுடுவேனோன்னு எனக்குப் பயமா இருக்கு. எனக்கு நீ வேணும்டா.

ராஸ்கோ: அழாதக்கா. நர்ஸம்மா பார்க்குறாங்க.

வெர்னெட்டா: பார்க்கட்டும்.

ராஸ்கோ: மார்ச்சுல நான் என்ன நெனச்சேன் தெரியுமா? முடியாதுன்னா எனக்கு மட்டும்தான் நஷ்டம்னு நெனச்சேன். அந்த ஆஸ்பத்திரிப் பொண்ணு ஃபோன்ல சொல்றா, அன்னைக்கு நான் ஒதுங்கினதுல இன்னும் ரெண்டு பேருக்கும் வர இருந்தது நின்னு போச்சாம். அதுல ஒருத்தர் இன்னமும் வாரத்துல மூணு நாள் இதே மாதிரி உக்காந்திருக்காராம். ஆறு வயசுலேர்ந்து உன்கூட ஆளு மாத்துறேன்க்கா. மூணு டீமுல ஒருத்தன் ஃபோனை வெச்சா மூணும் போச்சுங்கிறது எனக்குத் தெரியாதா? என் விஷயத்துல அது புத்திக்கு எட்டவே இல்ல.

வெர்னெட்டா: அப்ப என்னதான்டா சொல்ற? ஃபாரம் இந்தா இருக்கு. பேனாவும் இருக்கு. கையெழுத்து போடுறியா, இல்லையா?

ராஸ்கோ: அதை உள்ள வை. ஆஸ்பத்திரியிலேயே ஒரு ஃபாரம் வாங்கித் திங்கட்கிழமையே கையெழுத்து போட்டுட்டேன், நானே பஸ்ஸைப் புடிச்சுப் போயி. உன்கிட்டச் சொல்லிட்டா அப்புறம் ஆபரேஷன் பேச்சாவே இருக்கும்னுதான் சொல்லல. கிட்னி வந்துட்டா செவ்வாய், வியாழன், சனி எனக்கு இங்க வேலை இல்ல. உனக்கும் வர வேலை இல்ல. நாலு மணி நேரம் என் பக்கத்துல உக்காந்து புளூமைத் திட்ட வேற யாரு வருவா? இன்னைக்கு ஒரு நாளாவது எதுவும் தெரியாத மாதிரி பேசிட்டு இருக்கலாம்னு ஆசைப்பட்டேன்க்கா. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு, கண்ணைத் துடைச்சுட்டுப் பேசு.