நோன்பு வாயில் நீலம்

சுரேஸ்: ...துப்பல் நீலமா மாறுன மொத ஆள் நீதாண்டா. பதுளை மாவட்டத்துல இதுவரைக்கும் யாருக்கும் நடக்கல.

றிஸாத்: மெல்லப் பேசு. ஸ்டேஷன் முழுக்கக் கேக்குது.

சுரேஸ்: ஸ்டேஷன்ல யாருக்குடா அயடீன் வெளங்கப் போவுது?

றிஸாத்: றிஸ்னிக்கு வெளங்கும். அந்தா, தண்ணிக் குழாய்க்கிட்ட நிக்கிறா. அவளும் நம்ம கிளாஸ், நம்ம ரயில்தான்.

சுரேஸ்: நிக்கட்டும். எனக்கு லீலாதேவி மிஸ்தான் கண்ணுக்குள்ள நிக்கிறாங்க. "நோன்பு பிடிச்ச வாய்தான் சுத்தமான வாய். றிஸாத், இஞ்ச வாரும், உம்மட உமிழ்நீர் கொஞ்சம் தாரும்." யாழ்ப்பாணத்துக்காரங்க துப்பச் சொல்றதக்கூட எவ்வளவு மரியாதையாச் சொல்றாங்க பாத்தியா?

றிஸாத்: பகிடி விடாத. ஒரு குழாய்ல மாக்கரைசல். மத்தக் குழாய்ல என்ட துப்பல் மட்டும். துப்பல்ல அயடீன் விட்டா நிறம் மாறவே கூடாது.

சுரேஸ்: கூடாது.

றிஸாத்: கருநீலமாப் போச்சு! முழு கிளாஸுக்கும் முன்னால. வாய்ல மாப்பொருள் இருந்தாத்தான் அப்பிடி வரும். நோன்பாளிட வாய்ல மாப்பொருளுக்கு என்ன வேலை?

சுரேஸ்: அதான் நான் எந்திரிச்சுச் சொன்னேனே. "மாத்தண்ணிய அவன் குழாய்ல நான்தான் ஊத்திட்டேன் மிஸ்"னு. பாடம் முடியிற வரைக்கும் வெளிய நிப்பாட்டிட்டாங்க. மழை வேற.

றிஸாத்: அதுக்குத்தான்டா... எப்பிடி நன்றி சொல்றதுன்னு தெரியல.

சுரேஸ்: நன்றியா?

றிஸாத்: எனக்காகப் பொய் சொன்னியே.

சுரேஸ்: நானா... ம்...

றிஸாத்: நான் நோன்பு இல்லடா.

சுரேஸ்: சரி விடு. எங்க தோட்டத்து லயத்துல சஷ்டி விரதம் புடிக்கிறவங்க கொல்லைப் பக்கம் நின்னு வடை திங்கிறத நான் பாத்திருக்கேன். முருகனே ஒண்ணும் சொல்லல.

றிஸாத்: நான் களவாத் திங்கல. எனக்குச் சீனி வருத்தம்.

சுரேஸ்: ஒனக்கா? சக்கர வியாதியெல்லாம் எங்க பெரிய கங்காணி வயசுல வர்றதுடா.

றிஸாத்: இது வேற வகை. சின்ன வயசுலயே வாறது. ரெண்டு வருஷமா ஊசி போடுறேன். நோன்பு புடிக்கவே கூடாதுன்னு டொக்டர் சொல்லிட்டார். வருத்தக்காரனுக்கு மார்க்கத்துலயும் விலக்கு இரிக்கி.

சுரேஸ்: அப்புறம் என்னத்துக்கு இந்த வேஷம்?

றிஸாத்: தாத்தாட கலியாணம்.

சுரேஸ்: ஷம்ரா அக்காவுக்கா? நீங்க அக்காவத் தாத்தாங்கிறது எனக்கு இன்னும் பழகலடா. ஒரு நிமிசம் ஆடிப்போயிட்டேன்.

றிஸாத்: மாப்பிள்ளை றிஸ்னிட நானா, ஒங்க பேச்சுல அண்ணன். அப்புத்தளையில கடை. பொண்ணுட தம்பிக்குச் சீனி வருத்தம்னு தெரிஞ்சா, பரம்பரையில இரிக்கி, நாளைக்குப் பேரப்பிள்ளைக்கும் வரும்னு பின்வாங்கிருவாங்களாம். உம்மாக்கு அந்தப் பயம். நிக்காஹ் முடியிற வரைக்கும் வெளிய நான் நோன்பாளி.

சுரேஸ்: டீ.என்.ஏ.ல எழுதினதெல்லாம் அப்படியேவா நடக்குது? எங்கப்பா ஆறடி. என்னப் பாரு.

றிஸாத்: அத உம்மாட்ட போய்ச் சொல்லு. போன கிழமை இப்தாருக்கு அவங்க வீட்டுக்குப் போனோம். எனக்குத் தந்த சர்பத்துல சீனியே இல்ல. இந்தக் கஞ்சப் பரம்பரைக்கா இவ்வளவு பயம்னு தாத்தாட்ட கேட்டேன். அவ சிரிக்கிறா.

சுரேஸ்: கடக்காரங்க. சீனி வெல அவங்களுக்குத்தான் தெரியும். அது சரி, ஏன் ஊசி? குளிசையா முழுங்கினா என்ன?

றிஸாத்: இன்சுலின் புரதம்டா. முழுங்கினா வயித்துக்கு அதுவும் பருப்பும் ஒன்னுதான். நொதியம் வெட்டி வெட்டி அமினோ அமிலமாக்கிரும்.

சுரேஸ்: மாலையக் கேட்டவனுக்கு, அறுத்துப் பூவாக் குடுத்த மாதிரி.

றிஸாத்: ம்... பூவெல்லாம் அதேதான். மாலைதான் இல்ல. கோத்த வரிசையிலதான் எல்லாம் இரிக்கி.

சுரேஸ்: நீ பேசாம மிஸ்ஸுக்குப் பதிலா வந்துரு.

றிஸாத்: ஊசிய போட்டுட்டுச் சாப்பிடாம இருந்தா இரத்தத்துல சீனி இறங்கிரும். இன்னைக்குக் கிளாஸுக்குள்ளயே கை நடுங்க ஆரம்பிச்சிச்சு. அதான் பாத்ரூமுக்குப் போய்...

சுரேஸ்: பிஸ்கட் தின்ன.

றிஸாத்: பிஸ்கட்டா? பல்லுல ஒட்டும், வாசம் வரும். அவ்வளவு மடையனா நான்? குளுக்கோஸ். தூள வாய்ல கொட்டித் தண்ணியக் குடிச்சேன்.

சுரேஸ்: வேற ஒண்ணும் இல்ல?

றிஸாத்: இல்ல.

சுரேஸ்: காலைல?

றிஸாத்: விடிய முன்ன இடியப்பம். பல் தீட்டிட்டுத்தான் வந்தேன். ஏன்டா பொலிஸ் மாதிரிக் கேக்குற?

சுரேஸ்: சும்மாதான். மாப்பொருள்ங்கிறது என்னது?

றிஸாத்: சோதனை வைக்கிறியா? காபோவைதரேற்று.

சுரேஸ்: பேரே பெரிய மூலக்கூறா இருக்கு. வெளக்கமாச் சொல்லு.

றிஸாத்: குளுக்கோஸ் ஒன்னோட ஒன்னு கோத்துக் கோத்து, நீளச் சங்கிலியாகி, சுருண்டு கிடக்கும். அயடீன் அந்தச் சுருளுக்குள்ள போய் உக்காந்தாத்தான் நீலம் வரும்.

சுரேஸ்: ஒத்தக் குளுக்கோஸுக்கு?

றிஸாத்: ஒத்தைக்கு ஏதுடா சுருள்? நிறம் மாறா...

சுரேஸ்: ம், சொல்லி முடி.

றிஸாத்: டேய். அப்ப நீலம் எங்கிருந்து வந்திச்சு?

சுரேஸ்: அதான் எந்திரிச்சுச் சொன்னேனேடா, நான்தான் ஊத்துனேன்னு. அதிசயமா ஒரு உண்மைய சொன்னேன். நீயே நம்பல.

றிஸாத்: நாயே! நான் நன்றி சொல்லக்குள்ளயே சொல்லியிருக்கலாம்தானே!

சுரேஸ்: மொத தடவையா ஒருத்தன் என்ன நல்லவன்னு நம்புறான். கொஞ்ச நேரம் இருந்து பாப்போம்னு நெனச்சேன்.

றிஸாத்: ஒனக்குக் கொழுப்புடா.

சுரேஸ்: அந்தப் பாடம் அடுத்த கிழமைதான். ...இல்லடா, நெசமாவே. வாயத் தொறந்தா ஊசிங்கிற, உம்மாங்கிற. ரெண்டு வருஷமா யாருகிட்டயும் சொல்லாதவன் மாதிரிப் பேசுன. நடுவுல எங்க நிப்பாட்டச் சொல்ற?

றிஸாத்: யாருக்கும்தான் சொல்லல.

சுரேஸ்: இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. றிஸ்னிக்குத் தெரிஞ்சதெல்லாம் நான் மடையன்ங்கிறது மட்டுந்தான். அது ஹாலிஎலவுக்கே தெரியும். நீ தப்பிச்ச.

றிஸாத்: தப்பிச்சனா...

சுரேஸ்: மூஞ்சி ஏன்டா இன்னும் அப்படியே இருக்கு?

றிஸாத்: நாளைக்கு நான் ஆஸ்பத்திரியில விழுந்தா, தாத்தா அந்த வீட்டுல என்ன சொல்லிட்டு வருவா? ஒரு பொய். அதக் காப்பாத்த இன்னொன்னு. கோத்துக் கோத்து... எவ்வளவு நீளத்துக்குடா போகும்?

சுரேஸ்: மாப்பொருள் அளவுக்குப் போகும்.

றிஸாத்: சொல்லிரப் போறேன்.

சுரேஸ்: யாருக்கிட்ட... டேய், கலியாணம் நின்னா?

றிஸாத்: நின்னா உம்மா என்ன மன்னிக்க மாட்டா. மறைச்சு முடிச்சா தாத்தா மன்னிப்பாளான்னு தெரியாது.

சுரேஸ்: யோசிச்சுக்க. இங்கதான் வாறா.

றிஸ்னி: ரயில் பிந்துமாம். என்ன இது, ரெண்டு பேரும் மய்யித்து வீட்டுல இரிக்கிற மாதிரி?

சுரேஸ்: அயடீன் சோகம்.

றிஸ்னி: நீங்க மாத்தி ஊத்தினத நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். அப்பவே சொல்ல வாயெடுத்தேன், நீங்களே எழும்பிட்டீங்க.

சுரேஸ்: பாத்தியாடா? சாட்சியும் இருக்கு.

றிஸாத்: றிஸ்னி... ஒரு விஷயம். இத நீங்க வீட்டுல போய்ச் சொன்னாலும் பரவால்ல.

சுரேஸ்: டேய்...

றிஸாத்: நான் நோன்பு இல்ல. எனக்குச் சீனி வருத்தம். ரெண்டு வருஷமா ஊசி. தாத்தாக்கு ஒரு வருத்தமும் இல்ல, அவள்ட்ட பிழையும் இல்ல. மறைச்சது நாங்க.

சுரேஸ்: ஏதாவது சொல்லுங்க றிஸ்னி. அவனுக்கு மறுபடியும் சீனி எறங்குது.

றிஸ்னி: இதப் பேசவே கூடாதுன்னு எங்க உம்மா என்ட்ட சத்தியம் வாங்கியிருக்கா. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே ஷம்ரா தாத்தா எல்லாத்தையும் நானாட்ட சொல்லிட்டா. மறைச்சிட்டோம்னு ஒங்க வீட்டுல நிம்மதியா இரிக்கிறாங்க, அதக் கெடுக்க வேணாம்னு நாங்கதான் தெரியாத மாதிரி இருக்கோம். அந்த சர்பத்தும் ஒங்களுக்கு மட்டும் நானா தனியாக் கரைச்சது... அதுக்குப் போய்க் கஞ்சப் பரம்பரைன்னு சொன்னீங்களாமே!