மறுவீட்டு விருந்தில் பாதி இலை

இருங்க... இந்த இடத்துல ஒரு சின்னக் கதையச் சொல்லிட்டாத்தான் எனக்கு மேல பேச்சு ஓடும். சாப்பாட்டுக் கதைதான். பின் வரிசையில கடிகாரத்தப் பாக்குறவங்களும் கேக்கலாம்.

தென்காசிப் பக்கம் ஒரு கல்யாணம். அது முடிஞ்சு பொண்ணு வீட்டுல மறுவீட்டு விருந்து. மாப்பிள்ளையோட அப்பா ஆவுடையப்பன் கார்ல வந்து இறங்குறாரு. சம்பந்தி வர்றாருன்னா சும்மாவா? பொண்ணோட அம்மா வடிவு, வடிவோட அண்ணன் கொம்பையா, எல்லாரும் வாசல்ல கைகூப்பி நிக்கிறாங்க.

வந்தவரு என்ன பண்ணாரு? வலது கால் செருப்பக் கழட்டுனாரு. இடது கால் செருப்போட... நேரா உள்ள போயிட்டாரு.

கொம்பையாவுக்கு முகம் சிறுத்துப் போச்சு. "பாத்தியா வடிவு... செருப்போட வர்றாரு. இவ்வளவுதான் நமக்கு மதிப்பு."

பந்தியில கொம்பையாதான் அவருக்கு இடப்பக்கம். மரியாதைக்குப் பயணம் எப்படி, வெயில் எப்படின்னு கேக்குறாரு. பதில் இல்ல. திரும்பிக்கூடப் பாக்கல. அவரு வீட்டம்மாகிட்ட மெதுவா விசாரிச்சா, "அவுக நான் பேசுனாலே திரும்ப மாட்டாக" அப்படின்னு சாதாரணமாச் சொல்லிட்டாங்க.

அடுத்து இலை... அந்த இலை இருக்கே. சோறு, பொரியல், கூட்டு, வலப்பக்கம் இருந்ததெல்லாம் காலி. இடப்பக்கம்? அவியல் அப்படியே இருக்கு. வடை அப்படியே இருக்கு. அப்பளம் நொறுங்கக்கூட இல்ல. சம்பந்தி அவியலத் தொடலைன்னா அந்த ஊர்ல அதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?

வடிவு அந்த இலையப் பாத்துட்டாங்க. அவியல் அந்தம்மா தன் கையால வச்சது. 'எம் பொண்ண இவுகளுக்குப் புடிக்கலையோ... நாளைக்கு அந்த வீட்டுல அவ எப்படி இருப்பா?' அந்தக் கவலை அப்படியே கோவமா மாறிடுச்சு. விறுவிறுன்னு வந்தாங்க. இலையப் புடிச்சு... ஒரே திருப்பு. இடம் வலமாச்சு, வலம் இடமாச்சு.

போட்ட இலையத் திருப்பலாமா? கூடாது. திருப்பிட்டாங்க.

ஆவுடையப்பன் முகம் மலர்ந்து போச்சு. "அவியல் இப்பதான் வருதா சம்பந்தி? இதுக்குத்தானே காத்துக்கிட்டு இருந்தேன்." வடைய எடுத்துக் கடிக்கிறாரு.

வடிவுக்குக் கோவம் போயி பயம் வந்துடுச்சு. அப்பதான் இலைய விட்டுட்டு ஆளப் பாக்குறாங்க. வாய் ஒரு பக்கம் இறங்கியிருக்கு. இடது கை... பாயசக் கிண்ணத்துக்குள்ள கெடக்கு. சூடான பாயசம். அவருக்குத் தெரியல. நாம சாப்பிடும்போது இடது கைக்கு வேலையே கிடையாதே... அது செயலத்துப் போனா பந்தியில யாருக்குத் தெரியும்?

"அண்ணே, காரை எடுங்க."

பக்கவாதம்னு சொன்னாரு டாக்டர். மூளையோட வலப்பக்கம் போற ரத்தக்குழாய்ல அடைப்பு. கண்ணு நல்லாத்தான் இருக்கு, ஆனா இடப்பக்கம்னு ஒண்ணு இருக்குறதையே மூளை விட்டுடுச்சு. அதுக்கு இடப்பக்கப் புறக்கணிப்புன்னு பேராம். "அடைச்சிருக்குற ரத்தக்கட்டியக் கரைக்க ஊசி இருக்கு. ஆனா நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும், எப்ப ஆரம்பிச்சுதுன்னு தெரியணும்."

கார்ல வர்றப்ப நல்லாத்தான் பேசிக்கிட்டு வந்தாகன்னு வீட்டம்மா அழுறாங்க. அதுக்கப்புறம்? கொம்பையா முன்னால வந்தாரு.

"பன்னெண்டரைக்கு, டாக்டர். செருப்போட உள்ள வந்தப்ப. அந்த நேரத்தச் சாகுற வரைக்கும் மறக்கக் கூடாதுன்னு நெனச்சேன்."

ஊசி போட்டாங்க. ஆள் பொழச்சாரு. அடுத்த பொங்கலுக்கு அதே வாசல்ல, ரெண்டு செருப்பையும் கையில தூக்கிக் கொம்பையாகிட்டக் காட்டிட்டுத்தான் கீழ வச்சாராம்.

இப்ப உங்ககிட்ட வர்றேன். அந்த வீட்டுல யாராவது எதையாவது கவனிக்காம விட்டாங்களா? இல்லையே. செருப்பப் பாத்தாங்க. திரும்பாததப் பாத்தாங்க. தொடாத அவியலப் பாத்தாங்க. டாக்டர் சொல்ல வேண்டிய அறிகுறியையெல்லாம் டாக்டருக்கு முன்னாடியே பாத்துட்டாங்க. நோய்க்குப் பேரு வைக்கிறப்பத்தான்... திமிர்னு வச்சுட்டாங்க.

அதனால சொல்றேன். உங்க வீட்டுல ஒருத்தர் திடீர்னு மாறி நடந்தா, வாய் கோணுதா, கை இறங்குதா, பேச்சு குழறுதான்னு பாருங்க. பாத்த உடனே ஓடுங்க. ரோஷப்படணுமா? தாராளமாப் படுங்க... ஆஸ்பத்திரிக்குப் போற வழியில, கார்ல உக்காந்துக்கிட்டு.