உள்ளே இருப்பவர்கள்: பூஜ்யம்

முதலில் துடைப்பத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஐயா. எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கியது.

எங்கள் கிடங்கு மென்பொருள் பல வருடமாகத் தனிக்கட்டை. எந்தச் சரக்கு எந்த அடுக்கில் என்பது மட்டும் அதற்குத் தெரியும். கொள்முதலோடு பேச்சுவார்த்தை இல்லை, வருகைப் பதிவோடும் இல்லை. அதற்குக் கால்கட்டுப் போடும் தரகு வேலை எனக்கு. முதல் சம்பந்தமே சொதப்பல். கிடங்கு உருப்படியாக எண்ணும், கொள்முதல் பெட்டியாக எண்ணும். நடுவில் வகுக்க மறந்துவிட்டேன். பன்னிரண்டு துடைப்பம் கேட்ட இடத்தில் பன்னிரண்டு பெட்டி வந்திறங்கியது. ஆயிரத்து எழுநூற்று இருபத்தெட்டு துடைப்பங்கள். லாரி திரும்ப இடமில்லை. அன்று முதல் என் பெயரே துடைப்பம்.

மேலாளர் கத்தவில்லை. "இனிமே ரெண்டு சிஸ்டம் ஒத்துப்போகலன்னு ஒரு வரி வந்தா, நீ வீட்டுக்குப் போயிடு" என்றார். நியாயமான மனிதர்.

அடுத்தது குளிர் அறை. அதைப் பூட்டுவது ஸ்டோர் அக்கா. பூட்டும் முன் தலையை உள்ளே நீட்டி மூன்று தடவை கூப்பிடுவார்: "யாருடா உள்ள? இருந்தா வாயத் திறங்கடா!" பிறகு காது கொடுத்து நிற்பார். நான்கு நிமிடம் ஆகும். கடிகாரம் வைத்துப் பார்த்தேன். அந்த நான்கு நிமிடத்தை மிச்சம் பிடித்தேன். உள்ளே போகிறவர் அட்டையைக் காட்ட வேண்டும், வெளியே வரும்போதும் காட்ட வேண்டும். எண்ணிக்கை பூஜ்யம் ஆனதும் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும்.

"அப்போ நான் கூப்பிட வேணாமா?" என்றார் அக்கா.

"மெஷின் எண்ணிக்கும்க்கா."

"எண்ணும், சரி. அதுக்குக் காது இருக்கா?"

நான் சிரித்தேன். நகைச்சுவை என் துறை அல்லவா.

உள்பக்கக் கைப்பிடி உடைந்து மாதக்கணக்காகிறது. ஆபத்துக்கு ஒரு மணி உண்டு. பனி ஏறினால் அது தானாகவும் அடித்துத் தொலைக்கும். ஆகவே ஒரு விதி எழுதினேன்: உள்ளே பூஜ்யம் என்றால் மணி ஒலிக்காது, பழுது என்று திரையில் பதிவாகும். ஆளில்லாத அறையில் யார் மணி அடிப்பார்கள்?

கண்ணாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சரக்கு ஏற்றுகிறவர். குளிர் அறைக்குள் போனதும் கண்ணாடியில் பனி படர்ந்துவிடும். துடைத்துத் துடைத்து எப்போதும் கடைசியாகத்தான் வெளியே வருவார். "துடைப்பம், ஒண்ணு கடன் குடேன், கண்ணாடியத் தொடைச்சிட்டுத் தர்றேன்" என்பார். உள்ளே போக பூட்ஸ் மாட்ட வேண்டும். செருப்பைக் கதவோரம் விட்டுவிட்டுப் போவார். அதன் வார் அறுந்தபோது நான்தான் நீல நிறப் பெட்டி டேப்பைச் சுற்றிக் கொடுத்தேன். "கம்பெனி சொத்துடா இது, ரிடையர் ஆனா திருப்பிக் கேப்பாங்க" என்றார். எனக்கு அவரைப் பிடிக்கும், ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று பதினொரு மணிக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து பார்வையிட வருவதாக இருந்தது. பத்து ஐம்பதுக்கு ஒத்துப்போகாதவை பட்டியலில் ஒரு வரி வந்தது. கண்ணாடி உள்ளே இருக்கிறார் என்றது கிடங்கு. டீ குடிக்கப் போய்விட்டார் என்றது வருகைப் பதிவு. மேற்பார்வையாளர் டீ நேரத்தில் மொத்தக் குழுவும் வெளியே போய்விட்டதாக வருகைப் பதிவில் ஒரே பொத்தானைத் தட்டிக் குறித்துவிடுவார். அது ஊரறிந்த பழக்கம். இரண்டில் ஒன்றை நம்ப வேண்டும். வெளியே வரும்போது அட்டை காட்ட மறந்திருப்பார் என்று எடுத்துக்கொண்டேன். வரியை அழித்தேன். எண்ணிக்கை பூஜ்யமாகியது. கதவு பூட்டிக்கொண்டது.

விளக்கம் நன்றாக நடந்தது. நடுவில் திரையின் மூலையில் 'பழுது 1' என்று வந்தது. பிறகு 2. பிறகு 5.

"அது என்ன?" என்றார் வந்தவர்களில் ஒருவர்.

"வயர் கோளாறு சார். பனிக்கு அப்படி வரும்."

பதினான்கில் நின்றது. எனக்கு நிம்மதியாக இருந்தது. கை தட்டினார்கள்.

பார்வையாளர்கள் இருந்ததால் அன்று மதியம் சரக்கு ஏற்றவில்லை. கண்ணாடி டீயிலிருந்து திரும்பவில்லை என்று பதிவு சொன்னது. அரை நாள் விடுப்பு என்று குறித்தேன். மறுநாள் காலை கதவைத் திறந்தவர் அக்கா.

அதற்குப் பிறகு பலரிடம் கேட்டேன், என் தப்பா என்று. "சிஸ்டம் பண்ணதுக்கு நீ என்ன பண்ணுவ?" என்றார் மேலாளர். "சோறு ஆறுது, சாப்பிடுங்க" என்றாள் மனைவி. கண்ணாடியின் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணன் உங்களப் பத்தித்தான் பேசிட்டே இருப்பாரு" என்று அழுதான். நானும் உங்களிடம் முதல் நாள் சொன்னது அதுதான்: தெரியாமல் நடந்துவிட்டது.

நேற்று என் பொருள்களை எடுக்கப் போனேன். ஸ்டோர் அக்கா என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை.

"எனக்குத் தெரியாதுக்கா," என்றேன். "எனக்கு எப்படித் தெரியும், சொல்லுங்க."

அக்கா கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், குளிர் அறைக் கதவோரம் பார்த்தார்.

"இங்க உக்காந்தா அந்த நீல டேப்பு நல்லாத் தெரியுதுடா."