குகைக்கு இரண்டு வாய்

"அந்தக் குகைக்கு ரெண்டு வாயாம் பாவா! கம்ப்யூட்டர் சொல்லுது!"

திருத்தணியில் ஆர்.கே.பேட்டை டவுன் பஸ் கிளம்பக் காத்திருந்தது. எனக்கு முன்சீட்டில் மதராஸ் கல்லூரிக்காரர் ஒருவர், மடியில் விரித்த வரைபடத்தை அடித்து அடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் 'பாவா' என்று கூப்பிட்ட அக்காள் கணவர்.

"ஒரே வாய்தானே பாவா? அதுல பூந்து, உள்ள சுத்தி, அதுலயேதானே வெளிய வந்தோம்?"

"ஆங். முட்டியெல்லாம் பேந்துபோச்சே!"

"டேப்புல அளந்தது, காம்பஸ்ல திசை பாத்தது, எல்லாத்தையும் வரிவரியா கட்டளை தட்டி உள்ள போட்டேன். பூந்தது இங்க, வந்தது அங்கன்னு படம் போட்டுத் துப்புது!"

"அது குகைய எட்டியாவது பாத்துச்சா? நம்மள பொய்யனாக்குது!"

"காம்பஸ் புடிச்சவருக்குத் திசை தெரியாதான்னு காலேஜ்ல சிரிக்கிறாங்க."

"என்னையா? முள்ளு நிக்கற வரைக்கும் மூச்சு வுடாம பாத்துகினு இருந்தேன்!"

"கிட்ட இரும்பு இருந்தா முள்ளு திரும்பிடும்னு படிச்சுப் படிச்சு சொன்னேன். ஏதாச்சும் வச்சிருந்தீங்களா?"

"ஒண்ணுமில்ல. மடியில பாக்குவெட்டி, அவ்ளோதான்."

"பாக்குவெட்டியா!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பாவாவுக்கும் கோபம் வந்துவிட்டது.

"பின்ன? காத்து கருப்பு இருக்கற எடத்துக்கு இரும்பில்லாம எவனாவது போவானா? உங்க அக்காதான் சொருவி அனுப்புனா. உன் பைக்குள்ளயும் இம்மாம் பெரிய லாடம் ஒண்ணு போட்டாளே, இன்னுமா நீ பாக்கல?"