சொந்தப் பேரில் போன கமக்காரன்

"இண்டைக்கு முழுக்க ஒரு செத்த கமக்காரனைத் தேடினனான்," என்றார் எதிரே இருந்தவர். லண்டனில் ஈஸ்ட் ஹாமுக்குப் போகும் மாலை ரயில். அவர் கழுத்தில் ஏதோ ஆவணக் காப்பகத்தின் அடையாள அட்டை தொங்கியது.

அவர் பக்கத்திலிருந்த நண்பர் கண்ணைத் திறக்கவில்லை. "ஆரண்ணை அவன்?"

"இஞ்சையிருந்து அமெரிக்கா போய் ஒஹாயோவில சோளம் போட்டு விவசாயம் செய்தவனாம். நூற்றைம்பது வருசம் இருக்கும். இப்ப அவன்ரை பூட்டப்பிள்ளை ஒருத்தன் தேடி வந்து நிக்கிறான். பெட்டி தூக்கித் தூக்கி நாரி விட்டுப்போச்சு."

"கிடைச்சானோ?"

"ஓம். சேர்ச் பதிவில பேர் கிடந்தது. பூட்டப்பிள்ளை அதைத் தடவித் தடவி அழுதான். கமக்காரன் சொந்தப் பேரில போனபடியால் பிடிச்சம்."

நண்பர் கண்ணைத் திறந்தார். "நீங்கள் ஆரின்ரை பாஸ்போட்டில வந்தனீங்கள்?"

"ஆளனுப்பின ஏஜென்சி தந்தது. பயத்தில அந்தப் பேரையே அகதிக் கேசிலயும் குடுத்திட்டன். எங்கடை வழக்கப்படி தகப்பன் பேரெண்டு பிள்ளையளுக்கும் அதுதான் பின்னால நிக்குது."

"அந்த ஆளைத் தெரியுமோ?"

"கண்டதில்லை. மட்டக்களப்புப் பக்கமாம்."

அப்டன் பார்க்கில் கதவு திறந்து மூடியது.

"என்ரை பூட்டப்பிள்ளையள் தேடினால்," என்றார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "அந்த ஆளின்ரை வாசலிலதான் போய் நிண்டு அழுவினம்."