மார்பில் முகம் உள்ளவன்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருவர் இருந்தார்கள். ஒருவர் குத்துக்கல்வலசையில் மனை வாங்கப்போகிற பெரியவர், மற்றவர் அதை விற்றுக் கொடுக்கிற புரோக்கர். மறுநாள் பத்திரப்பதிவு என்பது பேச்சிலேயே தெரிந்தது. பெரியவர் செல்போனில் ஒரு படத்தை விரலால் பெரிதாக்கிக் காட்டினார்.

"என்னவே இது? உம்ம மனையில ஒருத்தன் நிக்குதான்."

"இது எந்தக் காலத்து மேப்பு அண்ணாச்சி!"

"அந்தக் காலத்துல வெள்ளைக்காரன் வரைஞ்சது. மருமவன் அனுப்புனான். இங்கன குமரி, அங்கன மலை. மலைக்குக் கிழக்க, தலையில்லாம, நெஞ்சுல கண்ணும் வாயுமா நிக்குதான் பாரும்."

"அவன் சும்மா கிறுக்கியிருப்பான்."

"கப்பலேறி வந்தவன் சும்மாவா கிறுக்குவான்? இது மாடன்வே! சாமி நின்ன எடத்துல வீட்டைக் கட்டுனா குடும்பம் வெளங்குமா?"

அந்தக்கால ஐரோப்பியர்கள் தாங்கள் எட்டிப் பார்க்காத தேசங்களிலெல்லாம் இப்படி ஒருவனை நிறுத்தி வைத்தார்கள் என்று படித்திருக்கிறேன். என் படிப்பை இதுவரை யாரும் கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை.

"அண்ணாச்சி, நம்பி வாங்குங்க. இது நம்ம மனையில இருந்த மாடனே கெடையாது."

"எப்படிவே சொல்லுதீரு?"

"நம்ம மாடனுக்குத் தலை உண்டுல்லா! நாந்தான செலையத் தூக்கி வேலிக்கு அங்கிட்டு வச்சேன்."

பெரியவர் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டார். குற்றாலம் இன்னும் வரவில்லை. புரோக்கர் குனிந்து உட்கார்ந்திருந்தார். பின்னாலிருந்து பார்க்கையில் அவருக்கும் தலை தெரியவில்லை.